தெருமுனையில் ஓரடி நிலம்

கம்பெனிச் சங்கு ஊதினால் அவள் வீட்டுச் சமையலறையில் தட்டு அதிரும். அவ்வளவு பக்கம். ஆனால் அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அதே கம்பெனிக்கு நடந்து போக அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவே ஒரு சுவர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். அவள் பத்தொன்பது வருஷமாகத் தினமும் இரண்டு தடவை தொட்டுக்கொண்டிருந்தாள். தட்டு அதிர்வதுகூட, காய்ச்சல் வந்து லீவு போட்ட நாட்களில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். மற்ற நாட்களில் சங்கு ஊதும்போது அவள் நெடுஞ்சாலை ஓரத்தில் புழுதியில் நடந்துகொண்டிருப்பாள்.

நகரம் அந்தப் பக்கமாக வளர்ந்த லட்சணம் அப்படி. யாரும் கூடிப் பேசி வளர்க்கவில்லை. ஒரு முதலாளி பத்து ஏக்கர் வாங்குவார், மனை பிரிப்பார், நெடுஞ்சாலையில் ஒரு வளைவு கட்டுவார், உள்ளே எட்டுத் தெரு போட்டு எட்டின் கடைசியிலும் சுவர் வைப்பார். பின்னால் இருக்கும் நிலத்தை இன்னொருவர் வாங்கி, அவரும் அதையே செய்வார். ஒருத்தர் தெரு இன்னொருத்தர் தெருவோடு பேசாது. சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். பின்வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் நெடுஞ்சாலைக்குப் போய், பாலத்தைச் சுற்றி, அடுத்த வளைவுக்குள் நுழைய வேண்டும். திரும்ப இடமில்லை என்று பஸ் உள்ளே வராது. தண்ணீர் லாரி பின்னோக்கியே வந்து பின்னோக்கியே போகும். போனில் தெரு சேர்ந்திருப்பதாகக் காட்டுகிறது என்று பார்சல்காரர்கள் அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "மேடம், உங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்" என்று சாதிப்பார்கள். மேடம் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள்.

அவள் தைப்பது காலர். கம்பெனியில் எண்பது பேர் உட்கார்ந்து ஒரு சட்டையைத் தைப்பார்கள். யாருக்கும் முழுச் சட்டை சொந்தமில்லை. அவரவர் தைக்கிற துண்டுதான் அவரவர் பெயர். பாக்கெட், கை, பட்டன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில்தான் ஞாபகம் வரும். இவள் காலரக்கா. புருஷனுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. மனை போடுகிற முதலாளியிடம் முப்பது வருஷம் வரைபடம் போட்டவர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல், அதனால் தெருவுக்கே ஸ்கேல் சார். இந்தத் தெருவையும் வரைந்தது அவர்தான். கடைசி மனையை முதலாளி வேலைக்காரர் விலைக்குத் தந்தார். இப்போது ஓய்வு பெற்று, வீட்டில் சாய்வு மேசை போட்டுக் கொத்தனார்களுக்கு மாடிப்படியும் ஜன்னலும் வரைந்து கொடுக்கிறார்.

பட்டன், சுவருக்கு அந்தப் பக்கத்துக் கடைசி வீட்டில் இருந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் சுவருக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று பேசிக்கொள்வார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் தாண்டி வரும்.

"அக்கா, வந்துட்டீங்களா?"

"இப்பதான் செருப்பக் கழட்டினேன். நீ?"

"நான் வந்து, குளிச்சு, துணி தொவச்சு, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்து, அது மண்டைல ஏறலன்னு ரெண்டு அடியும் குடுத்து முடிச்சுட்டேன்."

"உனக்கென்ன மகராசி. நாலு நிமிஷத்துல வீடு."

"உங்களுக்கு இன்னைக்கு லேட்டுச் சீட்டு குடுத்துட்டானாமே?"

"ரெண்டாவது சீட்டு. அஞ்சு நிமிஷம் லேட்டு. முட்டி மடங்க மாட்டேங்குது, வழியில ரெண்டு இடத்துல உக்காந்தேன். சூப்பர்வைசர்கிட்ட முட்டிவலின்னு சொன்னா, 'காலரக்கா, உங்க முட்டி கம்பெனி ரூல்ஸ் படிச்சிருக்காது, நான் படிச்சிருக்கேன்'ங்கிறான்."

"அவன் வாய்க்கு ஒரு பட்டன் வச்சுத் தச்சா தேவல. மூணாவது சீட்டு விழுந்தா என்னக்கா ஆகும்?"

"லைன்ல இருந்து எடுத்துருவாங்க. இருபது வருஷம் முடிய இன்னும் எட்டு மாசம். முடிச்சாதான் ஓய்வுப் பணம். எட்டு மாசத்துக்கு முன்னால போனா, இத்தன வருஷம் போட்ட உழைப்புக்கு ஒரு சால்வையும் போட்டோவும்தான்."

"பேசாம ஏணி போட்டு ஏறிக் குதிச்சிருங்க. இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கிறேன்."

"என்னைப் பிடிச்சா நீ மிஞ்ச மாட்ட. மேல கண்ணாடி வேற."

கண்ணாடி நினைவுக்கு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சுவர் மேல் பதித்திருந்த பாட்டில் துண்டுகளை உடைத்துக் கொடுத்தவளே அவள்தான். யாரோ செங்கல்லைப் பெயர்த்துப் படி மாதிரி செய்திருக்கிறார்கள் என்று ஒரு வருஷம் புருஷன் சிமெண்ட் குழைத்துப் பூசி, கண்ணாடி பதித்தார். தெருவுக்காக மனுஷன் வெயிலில் காய்கிறாரே என்று அவள் கோணியில் பாட்டிலைச் சுற்றி, அம்மிக்கல்லால் தட்டித் தட்டி எடுத்துக் கொடுத்தாள். மோரும் கொடுத்தாள்.

அந்த மாதம்தான் நகராட்சியில், முட்டி நிற்கிற தெருக்களைச் சேர்த்துவிட ஒரு திட்டம் வந்திருப்பதாகத் தெருமுனை மளிகைக்காரர் கேள்விப்பட்டு வந்தார். கூடவே ஒரு மனு எழுதினார். அந்தப் பக்கத்து வீடுகளும் தன் கடைக்கு வரும் என்ற கணக்கு அவருக்கு. இருந்தால் என்ன, நல்லதுதானே. நாற்பத்திரண்டு வீட்டிலும் கையெழுத்து வாங்கினார். கடைசி வீட்டில் ஸ்கேல் சார் மனுவை இரண்டு தடவை வாசித்தார். "கையெழுத்துப் போட்டா சுவர் விழுந்துருமா?" என்றார். பிறகு வரைபடப் பேனாவை எடுத்து, அச்சு மாதிரி பொடி எழுத்தில் போட்டுக் கொடுத்தார். மனுவிலேயே அழகான கையெழுத்து அதுதான் என்று மளிகைக்காரர் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அவளும் மளிகைக்காரருமாக நகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். நீளக் கூடம். மின்விசிறி காற்றை விடச் சத்தத்தை அதிகமாகக் கொடுத்தது. நில ஆவணப் பிரிவில் இருந்த அம்மாள் மனுவைப் புரட்டிவிட்டு, "ஜெராக்ஸ் எங்க? ரெண்டு காப்பி வேணும்" என்றார். மளிகைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு ஓடினார்.

அந்த அம்மாள் கணினியில் தெருவைக் கொண்டுவந்தார். இந்தப் பக்கத்துத் தெரு, அந்தப் பக்கத்துத் தெரு, நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

"பாருங்கம்மா, உங்க தெரு இதோட முடிஞ்சிருச்சு. அந்தத் தெரு இதுல ஆரம்பிக்குது. நடுவுல ஒரு அடிப் பட்டை. அது தெருவும் இல்ல, மனையும் இல்ல. தனியார் சொத்து."

"ஒரு அடியா? ஒரு அடி நிலத்த வச்சு என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, மறிப்பாங்க. மனை போடறவங்க வித்தைம்மா இது. தெருக்கடைசியில ஒரு அடிய மட்டும் தன் பேர்ல நிறுத்திக்குவாங்க. பின்னாடி நாளைக்கு இன்னொருத்தன் மனை போட்டா, இந்தத் தெரு வழியா வரணும்னா இவங்ககிட்ட வந்து நிக்கணும். கேட்ட விலை குடுக்கணும்."

"செத்துப்போன முதலாளியோட வாரிசு யாரோ வெளிநாட்டுல இருக்காங்கன்னு சொல்றாங்க."

"முதலாளி பேர்ல இல்லையே. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே மாத்திக் குடுத்திருக்கார்." அந்த அம்மாள் பெயரை வாசித்தார். தகப்பனார் பெயரை வாசித்தார். முகவரி, அதே தெரு, கடைசி வீடு.

அவளுக்குக் காதில் சங்கு ஊதிய மாதிரி இருந்தது.

"இன்னொரு தடவை வாசிங்கம்மா."

வாசித்தார். மாறவில்லை. "தெரிஞ்சவரா?"

"பக்கத்துலதான் இருக்காரு" என்றாள் அவள்.

"அப்ப நல்லதாப் போச்சு. அவர் ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும், பட்டைய நகராட்சி எடுத்துக்கும். சுவரும் அவரோடதுதான். அவர் சுவர அவரே இடிக்கறதுக்கு எங்க அனுமதிகூட வேண்டாம். பேசிப் பாருங்க."

மளிகைக்காரர் வியர்வையும் காப்பியுமாக வந்து, "ஓனர் யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார். "தேடிட்டு இருக்காங்கண்ணே" என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தாள். மானம் போகிறதே என்றா, அவர் மீது இரக்கமா, தெரியவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறாள். வெண்ணெய் வீட்டிலேயே இருப்பதை மறைத்து வைத்துப் பெண்டாட்டியை அலைய விடுவதைக் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தாள், முட்டை வேகவைத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு, "கஞ்சில உப்பு இல்ல" என்றார். அவள் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து டொக்கென்று வைத்தாள். வெளியே மழைக்கு முந்திய புழுக்கம். அவருடைய பழைய சட்டைக்குக் காலர் கழுத்தோரம் நைந்திருந்தது. அதைப் பிரித்துத் திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம் உழைக்கும். அவள் அதை மடியில் போட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, தெருக்கடைசியில இருக்கிற ஒரு அடி யாருது?"

மேசையில் பென்சில் நின்றது. "முதலாளி வாரிசு யாரோ..."

"உங்கப்பா பேரை வச்சிருக்கிற வாரிசா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

"முதலாளி கூப்பிட்டுக் குடுத்தாரு. 'உனக்குச் சம்பளம் ஏத்த முடியல, இத வச்சுக்க. இந்தத் தெருவோட கழுத்து உன் கையில இருக்கும். பின்னாடி மனை போட வர்றவன் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்'னாரு. அந்தப் பட்டைய விடலாம்னு யோசனை சொன்னதே நான்தான். அதனாலதான் எனக்கே குடுத்தாரு."

"வந்தானா?"

"வந்தான்."

"எப்ப?"

அவர் பென்சிலை எடுத்து, திரும்ப மேசையில் வைத்தார்.

"கேக்கறேன்ல, எப்ப?"

"நீ வேலைக்குச் சேந்த வருஷம். கம்பெனி கட்டினப்ப. ஒரு விலை சொன்னான். நான் அது மாதிரி மூணு மடங்கு கேட்டேன். வருவான்னு நெனச்சேன். அவன் பாலத்துப் பக்கமா வழி போட்டுக்கிட்டான். அப்புறம் வரவே இல்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"பெருசா ஒரு தொகை வரட்டும், உன்கிட்ட கொண்டாந்து குடுத்து, இனிமே நீ வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லணும்னு ஆசை. நாளைக்கு வருவான், அடுத்த வருஷம் வருவான்னு... அப்புறம் சொல்ல வாய் வரல. பத்து வருஷம் ஆனப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"என்னை வேலைக்கு அனுப்பாம இருக்கறதுக்காக என்னை நடக்க விட்டிருக்கீங்க."

அவர் தலை குனிந்தது.

அவள் பிரித்த காலரைத் தூக்கிப் பிடித்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஓரத்து மடிப்பு தெரிந்தது. "இது என்ன தெரியுதா? அரை இஞ்சுத் துணி. வெளிய தெரியாது. ஒவ்வொரு துண்டுலயும் நாங்க இத விடுவோம். எதுக்கு? பக்கத்துத் துண்டோட சேக்கறதுக்கு. இது இல்லன்னா சட்டையே கிடையாது, வெறும் துண்டுதான். நீங்களும்தான் ஓரத்துல ஒரு அடி விட்டீங்க. சேரக் கூடாதுன்னு விட்டீங்க. படிச்சவங்க வேலை!"

"திட்டு. இன்னும் நாலு வார்த்தை திட்டு."

"திட்டல. எத்தன நாள் நடந்தேன்னு கணக்கும் போடல. போட்டா உங்களோட ஒரே வீட்டுல இருக்க முடியாது." அவள் காலரை மடியில் போட்டாள். "மழையில செருப்பு அறுந்து வெறுங்கால்ல வந்தேனே, அன்னைக்கு வெந்நீர் வச்சுக் குடுத்தீங்க. கால அமுக்கி விட்டீங்க. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? பாட்டில் ஒடச்சுக் குடுத்தேனே, அப்பவாவது சொல்லத் தோணலயா?"

"தோணிச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவளை அதிகம் சுட்டது.

அவர் மேசையிலிருந்து ஒரு தாளை உருவி, "எழுதிக் குடுத்துர்றேன். நாளைக்கே போய்க் குடுக்கறேன். யாருக்கும் தெரிய வேண்டாம், நகராட்சியே வந்து இடிச்சதா இருக்கட்டும்" என்றார்.

"அதெல்லாம் நடக்காது. தாளும் எழுதிக் குடுங்க, சுவரையும் நீங்களே இடிங்க. பகல்ல, எல்லாரும் பாக்கறப்ப. யாருதுன்னு கேட்டா உங்க வாயால சொல்லுங்க. நான் ஒரு பொய் சொல்லிட்டேன் உங்களுக்காக. ரெண்டாவது சொல்ல மாட்டேன்."

அந்த வாரத்து மிச்ச நாட்களில் அவள் ஆறேமுக்காலுக்கே கிளம்பிப் போனாள். வீட்டில் பேச்சு, உப்பு, தண்ணி, சாவி என்ற அளவில் நடந்தது. வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. சனிக்கிழமை பாலத்தடியில் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, எட்டு மணிக்கு ஊதும் இரண்டாவது சங்கு முடிகிற மூச்சில் கேட்டுக்குள் விழுந்தாள். மூன்றாவது சீட்டு அரை நிமிஷத்தில் தப்பியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் கடப்பாரையோடு வெளியே வந்தார். கொத்தனாரிடம் இரவல் வாங்கியது. பென்சில் பிடித்த கைக்கு அது அடங்கவில்லை. மேலிருந்த கண்ணாடியை முதலில் சுத்தியலால் தட்டிக் கோணியில் போட்டார். பிறகு ஒரு குத்து. ஈரச் சுவர் 'தொப்'பென்று ஒலித்தது. தெருவே வெளியில் வந்தது. மளிகைக்காரர் கல்லாவைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"சார், சார்! என்ன பண்றீங்க? மனு போட்டிருக்கோம்ல, பொறுங்க. ஓனர் கேஸ் போட்டான்னா நாற்பத்திரண்டு வீடும் கோர்ட்டுக்கு அலையணும்!"

அவர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் வாசலில் நின்றாள். ஒத்தாசையாகத் தலைகூட அசைக்கவில்லை.

"கேஸ் போட மாட்டான்" என்றார். "நான்தான் ஓனர்."

மளிகைக்காரர் சிரித்தார். "காலங்காத்தால ஜோக்கா?"

"ஜோக் இல்ல. என் பேர்லதான் இருக்கு. இருபத்தோரு வருஷமா."

சிரிப்பு நின்றது. யாரோ ஒரு பெண் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டு லாரி டிரைவர் முன்னால் வந்தார். கருத்த, பேச்சு குறைந்த மனுஷர்.

"சார், போன வருஷம் எங்கப்பாவுக்கு மூச்சு முட்டினப்ப, அந்தப் பக்கத்து டாக்டர் வீட்டுக்கு இத்தன தூரமும் சுத்தித் தூக்கிட்டு ஓடினேனே. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அப்பவும் நீங்கதானா ஓனர்?"

"அப்பவும் நான்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்றுதான் நினைத்தாள். விழட்டும் என்றும் ஒரு பக்கம் நினைத்தாள்; விழுந்தால் குறுக்கே போய் நின்றிருப்பாள் என்பதும் உண்மை. கண்ணைத் திறந்தபோது டிரைவர் கடப்பாரையில் கை வைத்திருந்தார்.

"தள்ளுங்க" என்றார். "இது உங்க கைக்கு அடங்காது."

டிரைவர் ஓங்கிப் போட்ட நாலாவது குத்தில் செங்கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்தது. ஓட்டை வழியாகப் பட்டனின் குரல், "யாருய்யா அது, பூந்தொட்டில போடுறது!" என்றது. விஷயம் தெரிந்ததும் பட்டனின் புருஷன் அந்தப் பக்கமிருந்து சம்மட்டி போட ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் ஒரு ஆள் தாராளமாகப் போகிற அளவு இடம் ஆனது. பட்டன் அதன் வழியே வந்து, "அக்கா, நீங்க இவ்வளவு குள்ளமா? குரலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல" என்றாள். கம்பெனியில் தினம் பார்க்கிறவள்தான், இருந்தாலும் அப்படிச் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஸ்கேல் சாரிடம் யாரும் பேசவில்லை. சாயங்காலத்துக்குள் மிச்சச் சுவரும் விழுந்தது. டிரைவர், கடப்பாரையை வாசலில் சாய்த்துவிட்டு, ஸ்கேல் சார் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வாங்காமல் போனார்.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்துவிட்டாள். சமைத்தாள், குளித்தாள், டப்பா கட்டினாள். ஆறேமுக்கால் ஆனது, கால் தானாக வாசலுக்குப் போனது, திரும்பி வந்து உட்கார்ந்தாள். செய்ய ஒன்றுமில்லை. தேநீர் போட்டு, உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடித்தாள். ஏழரைக்கு முதல் சங்கு ஊதியது. கவிழ்த்திருந்த தட்டு கிணுகிணுவென்று அதிர்ந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லாத நாளில் அதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பிறகு கிளம்பினாள். சுவர் இருந்த இடத்தில் செங்கல் பொடி ஈரத்தில் படிந்து, சிவப்பாக ஒரு கோடு மட்டும் கிடந்தது. அதைத் தாண்ட அவளுக்கு முழுசாக ஒரு எட்டுகூட ஆகவில்லை.

நாலே நிமிஷம்தான். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னம்மா, வீடு மாத்திட்டீங்களா?"

"இல்லண்ணே" என்றாள். "அதே வீடுதான்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வராத அழுகை, பத்தொன்பது வருஷத்தில் எந்த மழைக்கும் வெயிலுக்கும் வராத அழுகை. வாட்ச்மேன் பதறித் தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் அதில் உட்கார்ந்து, முட்டியில் கை வைத்துக்கொண்டு அழுதாள். உள்ளே போக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

அங்கிருந்து நேராக அவள் வீடு தெரிந்தது. கொடியில் அவருடைய சட்டை, திருப்பிப் போட்ட காலரோடு காய்ந்துகொண்டிருந்தது. சுவர் உடைந்த இடத்தில் அவர் குனிந்து, வருகிறவர் போகிறவர் காலில் குத்தாமலிருக்க, மண்ணில் சிதறிய கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்துவிட்டார். கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் பதிலுக்குக் கை காட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. இரண்டாவது சங்கு ஊதும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.